இசை மென்பொருள் தேடுகிறீர்களா? முதலில் உறுமியைக் கேளுங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்துவிடும். "அண்ணே, மியூசிக் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

கடைசியாகக் கேட்டவர் ராசா பக்கத்தில் இருக்கும் படிவம் நான்கு மாணவர். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் உறுமி மேளக் குழுவில் அவரும் ஒருவர். வீட்டில் பழைய விண்டோஸ் மடிக்கணினி ஒன்று இருக்கிறது. கையில் ஒரு ஆண்டிராய்டு கைப்பேசி. மென்பொருள் வாங்க அப்பா கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணம் அது.

நண்பர்கள் மூன்று பேர் மூன்று விதமாக ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். "எஃப்எல் ஸ்டூடியோ வாங்கு, எல்லாரும் அதில்தான் செய்கிறார்கள்" என்கிறார் ஒருவர். "ஏ.ஆர்.ரஹ்மான் லாஜிக் பயன்படுத்துகிறார், முதலில் ஆப்பிள் கணினி வாங்கு" என்கிறார் இரண்டாமவர். மூன்றாமவர், "காசு எதற்கு? கிராக் இருக்கிறது" என்று ஓர் இணைப்பையே அனுப்பிவிட்டார்.

மூவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் யாரும் அந்த மாணவரிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: "நீ எந்த ஒலியை உள்ளே கொண்டுவரப் போகிறாய்?"

என் கருத்து இதுதான். தொடக்க நிலையில் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் எத்தனை ஆயிரம் ஒலிகள் இருக்கின்றன என்று பார்க்காதீர்கள். உங்கள் சொந்த ஒலியை உள்ளே வாங்க முடியுமா, செய்ததை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். இந்த இரண்டு கதவும் திறந்திருக்கும் மென்பொருள் எதுவானாலும் போதும். அப்படிப்பட்டவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அறிவியல் காரணங்கள் உண்டு.

மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது?

இசை மென்பொருள் எதைத் திறந்தாலும் திரை நிறைய பொத்தான்கள் தெரியும். பயப்பட வேண்டாம். அடிப்படையில் அது செய்யும் வேலை மூன்றுதான். ஒலியைப் பதிவு செய்வது, இசைக் குறிப்புகளை வரிசைப்படுத்தி வாசிக்க வைப்பது, எல்லாவற்றையும் கலந்து ஒரே கோப்பாக வெளியிடுவது.

முதல் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதை மின் அழுத்தமாக மாற்றுகிறது. கணினி அந்த மின் அழுத்தத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைக்கிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வெண்ணைச் சரியாகப் பிடிக்க, அதன் இரண்டு மடங்கைவிடக் கூடுதல் வேகத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு 44,100 என்ற எண்ணை ஏற்றுக்கொண்டது. அதே எண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக எழுதப்பட்டால், அதற்கு 65,536 படிநிலைகள் கிடைக்கும். இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 44,100 x 2 பைட் x 2 தடம் x 60 வினாடி.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. இரண்டு தடங்களைக் கலப்பது என்றால், கணினிக்கு அது எண்களைக் கூட்டும் வேலை. விலை உயர்ந்த மென்பொருள் கூட்டினாலும் இலவச மென்பொருள் கூட்டினாலும் விடை ஒன்றுதான். ஒரே ஒலிக்கோப்புகளை ஒரே அளவில் வைத்துக் கலந்தால், காதுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இருக்காது. "அந்த மென்பொருளில் செய்தால் சத்தமே தனி" என்று சொல்பவர்கள், அதனுடன் வரும் ஒலித் தொகுப்பையும் கருவிகளையும்தான் குறிப்பிடுகிறார்கள். அவற்றை எழுதியவர் எங்கோ இருக்கிறார். அது உங்கள் ஒலி ஆகாது.

மிடி என்னும் கடிதம்

இரண்டாவது வேலை, குறிப்புகளை வரிசைப்படுத்துவது. இதற்குப் பயன்படும் மொழியின் பெயர் மிடி. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் கட்டையை அழுத்தினால் மற்றொன்றும் ஒலித்தது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த டேவ் ஸ்மித்துக்கும் ஜப்பானின் இக்குத்தாரோ ககேஹாஷிக்கும் 2013-இல் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

மிடி ஒலி இல்லை. அது ஒரு கடிதம் மாதிரி. "69-ஆம் எண் கட்டையை, இவ்வளவு வேகத்தில் அழுத்து, பிறகு விடு" என்று மட்டும் எழுதியிருக்கும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. 69 என்றால் 440 ஹெர்ட்ஸ். 70 என்றால் ஏறக்குறைய 466 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு உயர்கிறது. அப்படிப் பன்னிரண்டு படி ஏறினால் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்கு ஆகும். கடிதம் சிறியது என்பதால் ஒரு முழுப் பாடலின் மிடிக் கோப்பு சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும்.

பியானோவுக்கு இது கச்சிதமான மொழி. ஏனென்றால் பியானோவில் 69-க்கும் 70-க்கும் நடுவே வேறு கட்டை கிடையாது. உறுமிக்கு என்ன ஆகும்?

நம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு உறுமியை விளக்கத் தேவையில்லை. நடுவில் ஒடுங்கிய உடல், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. குச்சி தோலோடு ஒரு கணம் ஒட்டும், இழுபடும், பிறகு நழுவும், மறுபடி ஒட்டும். வினாடிக்குப் பல முறை இது நடக்கிறது. வயலின் நரம்பில் வில் செய்வதும் இதே வேலைதான். கையின் அழுத்தமும் வேகமும் மாற மாற, ஒலி வழுக்கிக்கொண்டே மேலே ஏறும், கீழே இறங்கும். எந்த இடத்திலும் அது 69, 70 என்று படியில் நிற்பதில்லை. சறுக்குப்பலகையில் போகிற மாதிரி போகும்.

மிடியில் இதைக் காட்டவே முடியாது என்று சொல்லவில்லை. சுருதியை வளைக்க மிடியில் தனிக் கட்டளை உண்டு. அதற்கு 16,384 படிநிலைகள் இருக்கின்றன. ஆனால் வளைப்பதற்கு முதலில் ஓர் உறுமி ஒலி வேண்டுமே! மென்பொருளோடு வரும் ஒலித் தொகுப்பில் பியானோ இருக்கும், கிட்டார் இருக்கும், நூறு வகை டிரம் இருக்கும். தபலா கூட இருக்கலாம். உங்கள் தோட்டத்துக் கோயிலில், உங்கள் குழுவின் மூத்த வாசிப்பாளர், அவர் கையாலேயே தோல் கட்டிய உறுமியில் எழுப்பும் அந்த ஒலி இருக்காது. அதை நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே நம்மூர் மாணவருக்கு முதல் சோதனை இது: மென்பொருள் ஒலிப்பதிவு செய்ய விடுகிறதா? இது சிறிய கேள்வியாகத் தெரியலாம். ஆனால் சில மென்பொருள்களில் விலை குறைந்த பதிப்பில் குறிப்புகளை வரிசைப்படுத்தலாம், நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருள் தாளம் அமைக்க அருமையானது. அதன் 1.2 பதிப்பிலும் நேரடி ஒலிப்பதிவு வசதி இல்லை. வேறொன்றில் பதிவு செய்து, பிறகு அதற்குள் கொண்டுவர வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து வாங்கினால் இதெல்லாம் வாங்கிய பிறகுதான் தெரியும்.

பெரியவர்கள் பயன்படுத்துவது நமக்கும் வேண்டுமா?

ரஹ்மான் லாஜிக் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். 'ரோஜா' வெளிவந்தது 1992-இல். லாஜிக்கை உருவாக்கிய ஜெர்மானிய நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது 2002-இல். அதாவது, தமிழ்த் திரையிசையைத் திருப்பிப்போட்ட அந்தப் பாடல்கள் வந்தபோது ஆப்பிளின் லாஜிக் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அவர் சிறுவயதிலிருந்தே விசைப்பலகை வாசித்தவர். ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர். மென்பொருள் அந்தக் காதுக்கு உதவியாக வந்தது. காதை அது உருவாக்கவில்லை.

மறுபக்கமும் பாருங்கள். அமெரிக்க இசைக்கலைஞர் ஸ்டீவ் லேசி, பதின்ம வயதில் தன் ஐபோனில் இருந்த இலவச கராஜ்பேண்ட் செயலியிலேயே இசையமைக்கத் தொடங்கினார். கென்ட்ரிக் லாமரின் 2017-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் இடம்பெற்ற ஒரு பாடலுக்கு அவர் அமைத்த இசையும் அந்தக் கைப்பேசியில் பிறந்ததுதான். நம் நாட்டில் யோகி பி குழுவினரின் 'வல்லவன்' 2006-இல் வந்தபோது தமிழ் ராப் தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டவர்கள் எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்றா கேட்டார்கள்? மலேசியத் தமிழ் பேச்சின் வேகம் அதில் இருந்தது. அதுதான் காதைப் பிடித்தது.

நான்கு கேள்விகள்

மென்பொருள் எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, என்னிடம் இருக்கும் கருவியில் ஓடுமா? புதுக் கணினி வாங்கினால்தான் இசை வரும் என்பது விளம்பரக்காரர்களின் பேச்சு. ரீப்பர் என்ற மென்பொருள் அளவில் மிகச் சிறியது. பழைய கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும். பேண்ட்லேப் சிங்கப்பூரில் தொடங்கியது. இணைய உலாவியிலும் கைப்பேசியிலும் இயங்கும், அடிப்படை வசதிகள் இலவசம். ஆனால் இணையத் தொடர்பு தேவை. தோட்டத்தின் உள்பகுதியில் அலைவரிசை அடிக்கடி விட்டுப்போகும் என்றால் இதையும் யோசிக்க வேண்டும். வீட்டில் யாரிடமாவது ஐபோனோ ஐபேடோ இருந்தால் கராஜ்பேண்ட் ஏற்கனவே இலவசமாகக் காத்திருக்கிறது. ஆனால் அது ஆண்டிராய்டிலும் விண்டோசிலும் ஓடாது.

இரண்டு, என் ஒலியைப் பதிவு செய்ய முடியுமா? இதை மேலே பேசிவிட்டோம். வெறும் பதிவுக்கும் வெட்டி ஒட்டுவதற்கும் ஒடாசிட்டி போதும். 2000-ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் இலவச மென்பொருள் இது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆனால் மிடியில் இசையமைக்க அது ஏற்றதில்லை.

மூன்று, செய்ததை வெளியே எடுக்க முடியுமா? இதைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு மென்பொருளும் உங்கள் வேலையைத் தனக்கு மட்டும் புரியும் ஒரு கோப்பில் சேமிக்கும். நாளை அந்த மென்பொருள் நின்றுபோனால்? கேக்வாக் என்ற நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். 1987-இல் தொடங்கிய அது, முப்பது ஆண்டுகள் இசை மென்பொருள் விற்றது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம், இனி மேம்பாட்டு வேலை இல்லை என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள். நல்ல வேளையாக 2018 பிப்ரவரியில் பேண்ட்லேப் அதை வாங்கிக்கொண்டது. எல்லா முறையும் அப்படி ஒருவர் வருவார் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே வேவ் கோப்பாகவும், குறிப்புகளை மிடிக் கோப்பாகவும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அந்த இரண்டையும் எந்த மென்பொருளும் படிக்கும்.

நான்கு, இலவசம் என்றால் எந்த அளவுக்கு இலவசம்? எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் எல்லா வசதிகளும் திறந்திருக்கும், சேமிக்கவும் விடும். ஆனால் சேமித்த வேலையைப் பணம் கட்டும் வரை மறுபடி திறக்க முடியாது. வாங்கிவிட்டால் வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம் என்பது அதன் நல்ல பக்கம். ரீப்பரை 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம். பிறகு தனிநபருக்கான சலுகை உரிமம் 60 அமெரிக்க டாலர். ஆனால் ரீப்பரோடு இசைக்கருவி ஒலிகள் பெரிதாக எதுவும் வராது. இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு. இரண்டையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மென்பொருள் மேல் பழி போடாதீர்கள்

தொடக்க நிலையில் பலர் ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதற்குக் காரணம், "நான் அடிப்பது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம்" என்ற எரிச்சல். பெரும்பாலும் குற்றவாளி மென்பொருள் இல்லை. காதில் இருக்கும் புளூடூத் கருவி.

கணக்குப் பார்ப்போம். கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு மூட்டையில் 256 அளவுகள் இருந்தால், 256-ஐ 44,100-ஆல் வகுக்க, சுமார் 6 மில்லிவினாடி தாமதம் வரும். 1,024 அளவுகள் என்றால் சுமார் 23 மில்லிவினாடி. ஒலி காற்றில் ஒரு மில்லிவினாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 23 மில்லிவினாடி என்பது உங்கள் கருவி 8 மீட்டர் தள்ளி ஒலிப்பதுபோல. சமாளித்துவிடலாம். புளூடூத் காதொலிப்பானில் தாமதம் 200 மில்லிவினாடி வரை கூடப் போகலாம். அது ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளி நிற்கும் மேளத்தோடு சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் கால் அடி என்பதே 125 மில்லிவினாடிதான். தாளம் எப்படிச் சேரும்? கம்பி வைத்த சாதாரண காதொலிப்பானை மாட்டுங்கள். மூட்டையின் அளவை அமைப்புகளில் குறைத்துப் பாருங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இன்னொரு பொதுவான தவறு நானும் செய்ததுதான். ஒரு முறை கோயில் ஊர்வலத்தில் உறுமி மேளத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் தகர டப்பாவைத் தட்டுவது போல் இருந்தது. மேளத்துக்கு மிக அருகில் நின்றிருந்தேன். 16 பிட் பதிவில் மிகப் பெரிய எண் 32,767. அதைவிடப் பெரிய அலை வந்தால் அதன் தலை தட்டையாக வெட்டப்படும். வெட்டப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, அளவுமானி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு பதிவு செய்திருந்தால் அந்தத் திருவிழா என்னிடம் இன்றும் இருந்திருக்கும். இன்னும் விலை உயர்ந்த மென்பொருள் வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று அன்று நினைத்தேன். அது அறியாமை.

கிராக் பற்றி ஒரு வார்த்தை

மூன்றாவது நண்பர் அனுப்பிய இணைப்புக்கு வருவோம். "எங்களுக்கு வசதி இல்லை, பெரிய நிறுவனத்துக்கு என்ன நட்டம்?" என்ற வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். தோட்டத்துக் குடும்பத்தின் பண நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் இந்த வாதம் எப்போது பொருந்தும்? வேறு வழியே இல்லாதபோது. இங்கே சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை நான்கைந்து இருக்கின்றன.

பூட்டு உடைத்த மென்பொருளை நிறுவ, நச்சுநிரல் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முகம் தெரியாத ஒருவரை உள்ளே அழைப்பது இது. அதே மடிக்கணினியில்தான் அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பமும் அப்பாவின் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும், பாட்டுக்கும் பொருந்தும். நாளை நீங்கள் ஒரு பாட்டைச் செய்து, அதை இன்னொருவர் கேட்காமல் எடுத்துக்கொண்டால் எந்தச் சட்டத்தைக் காட்டுவீர்கள்?

எதிர்வாதம் ஒன்று

"இப்போது ஓடுவது லூப் போட்டுச் செய்யும் பீட்தான். உறுமி, தோட்டம் என்று பழையதைப் பேசினால் யார் கேட்பார்கள்?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி.

லூப் பயன்படுத்துவது தவறில்லை. ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' 2007-இல் உலகமெங்கும் ஒலித்தது. அதன் டிரம், கராஜ்பேண்டில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்த ஒரு லூப்தான். ஆனால் அதே லூப் இலட்சக்கணக்கானவர் கையில் இருந்தது. பாட்டை வேறுபடுத்தியது அதன் மேல் வந்த குரலும் மெட்டும். எல்லாரிடமும் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதன் மேல் உங்களிடம் மட்டும் இருப்பது ஒன்றை வைக்க வேண்டும்.

ராசாவில் வளரும் உங்களிடம் மட்டும் இருப்பது என்ன? சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில், பால் மரமும் செம்பனையும் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. வரிசை வீடுகள் தாமான்களாகிவிட்டன. குடும்பங்கள் இடம் மாறும்போது சாமான்களை லாரியில் ஏற்றலாம். ஒலியை ஏற்ற முடியாது. ஒரு தோட்டத்து உறுமிக்குழுவின் வாசிப்பு இன்னொரு குழுவின் வாசிப்பைப் போல இருக்காது. மூத்த வாசிப்பாளர் ஓய்ந்துவிட்டால் அந்த வாசிப்பும் ஓய்ந்துவிடும். பதிவு செய்யும் கருவி இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. உங்கள் தாத்தா காலத்தில் அது இல்லை.

அதைக் காட்சிப்பொருளாக்கி வைக்கச் சொல்லவில்லை. அந்த உறுமலை எடுத்து உங்கள் ராப்பில் போடுங்கள். அதன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், தலைகீழாக ஓட்டிப் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மென்பொருளைத் திறந்தவுடன் வரும் கட்டம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி, 4/4 தாளம் என்றிருக்கும். அது அவர்கள் வைத்த இயல்பு நிலை. உங்கள் குழு மெல்லத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போகும் என்றால், கட்டத்துக்காக அதை வெட்டாதீர்கள். கட்டத்தை அணைத்துவிடலாம், அல்லது வேகத்தை இடையிடையே மாற்றலாம். ஏழு எண்ணிக்கை வேண்டுமென்றால் 7/8, ஐந்து என்றால் 5/8 என்று மாற்ற ஒரு நொடி போதும்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது

அப்பாவின் பணத்தை இப்போது தொட வேண்டாம் என்றேன். கம்பிக் காதொலிப்பான் ஒன்று மட்டும் வாங்கச் சொன்னேன். கைப்பேசியில் பேண்ட்லேப், மடிக்கணினியில் ஒடாசிட்டி. முதல் வாரம் குழுவின் பெரியவரிடம் அனுமதி கேட்டு, உறுமியின் உறுமல், அடி, சலங்கை ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். கோப்பின் பெயரில் வாசித்தவர் பெயர், இடம், நாள் மூன்றும் இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் அவற்றை வெட்டித் தாளமாக அடுக்க வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு மெட்டோ பேச்சோ சேர்க்க வேண்டும். நான்காம் வாரம் ஒரு நிமிடப் பாட்டை முடித்து, தடங்களை வேவ் கோப்புகளாக வெளியே எடுத்து, முதலில் அந்தப் பெரியவருக்கே போட்டுக்காட்ட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, "இந்த மென்பொருளில் இதைச் செய்ய முடியவில்லை" என்று அவரால் ஒரு குறையைக் குறிப்பாகச் சொல்ல முடிந்தால், அந்தக் குறையைத் தீர்க்கும் மென்பொருளை அப்பாவின் பணத்தில் வாங்கலாம். குறை எதுவென்று சொல்லத் தெரியவில்லை என்றால், இருப்பதிலேயே இரண்டாவது பாட்டைத் தொடங்கலாம். பணம் பத்திரமாக இருக்கும்.

உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். இந்த வார இறுதியில் மென்பொருள் தேடி இணையத்தில் மூன்று மணி நேரம் செலவழிப்பதற்குப் பதிலாக, உங்கள் பக்கத்துக் கோயிலில் அடுத்த பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். கைப்பேசியில் போதுமான மின்னேற்றம் இருக்கட்டும். மேளத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.